ஐஸ் கியூபின் நாலு ஆல்பமும் எங்க ஊர் தங்கவயலும்

முன்குறிப்பு: இந்த நாலு ஆல்பத்திலும் கெட்ட வார்த்தைகள் ஏராளம். பாட்டு வரி எதையும் நான் இங்கே எடுத்துப் போடவில்லை. படித்துவிட்டுக் கேட்க ஆசைப்பட்டால், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு கேளுங்கள் :-)

நம்மில் பல பேர் வீட்டில் நடக்கிற விஷயம்தான். பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். என்னடா கேட்கிறாய் என்றால் ராப் என்பான். "அது ரவுடிப் பசங்க பாட்டாச்சே" என்போம். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவன் கதவைச் சாத்திக்கொள்வான், நாம் சன் டிவி பக்கம் திரும்பிவிடுவோம்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் பக்கம் ஒரு லைன் வீட்டில். பிழைப்புக்கு வந்து சேர்ந்தது லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே. ரவுடி ஊர் என்கிற பட்டம் எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம். பெங்களூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், ஊர் பேரைச் சொன்னதும் "ஓ, கே.ஜி.எஃப்.பா?" என்று ஒரு இழுவை வரும். இங்கேயும் புதிதாக வந்து இறங்கும் நம்மவர்களுக்கு முதல் வாரமே ஒரு பாடம் நடக்கும்: 110 ஃப்ரீவேயில் போகும்போது அந்தப் பக்கம் எக்ஸிட் எடுக்காதே. ஆர்டீசியா பயனியர் தெருவில் தோசை சாப்பிட்டுவிட்டு, 91-ஐப் பிடித்து மேற்கே கால் மணி நேரம் ஓட்டினால் காம்ப்டன் வந்துவிடும். ஆனால் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆள்தான் ஐஸ் கியூப். 1990 முதல் 1993 வரை வருஷத்துக்கு ஒன்றாக நாலு ஆல்பம் போட்டார். நடுவில், 1992-ல், அந்த ஊர் பற்றி எரிந்தது. எரிவதற்கு முன்னால் இரண்டு ஆல்பம், எரிந்த பிறகு இரண்டு. அதனால் இவற்றைப் பாட்டாகக் கேட்பது போலவே ஒரு ஊரின் சரித்திரமாகவும் வாசிக்கலாம். எது நல்ல ஆல்பம் என்று மார்க் போடுவதை விட, ஒவ்வொன்றிடமும் மூன்றே கேள்வி கேட்கப் போகிறேன். யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்? கோபம் யார் மேல்?

முதலில் இரண்டு ஊர்

லாஸ் ஏஞ்சலஸின் தென் பகுதிக்குக் கறுப்பின மக்கள் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப் போர் சமயத்தில். லூசியானா, டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களிலிருந்து, அங்கே இருந்த நிறவெறிக்குத் தப்பி, கப்பல் கட்டும் தளத்திலும் விமானத் தொழிற்சாலையிலும் வேலை தேடி வந்தார்கள். பின்னாளில் டயர், கார், இரும்பு ஆலைகளில் நல்ல சம்பளமும் கிடைத்தது. 1970களின் கடைசியில் தொடங்கி அந்த ஆலைகள் வரிசையாக மூடின. சவுத் கேட்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980-ல் மூடியது. அதே ஊரின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982-ல். அப்பாவுக்கு இருந்த வேலை பிள்ளைக்கு இல்லை. அந்த இடத்தில் கிராக் என்கிற போதைப்பொருள் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே போலீஸ் வந்தது. 1988 ஏப்ரலில் ஒரே ஒரு வார இறுதியில் ஆயிரம் பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் பெரும்பாலோர் மேல் வழக்கே நிற்கவில்லை.

இப்போது எங்கள் ஊர். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி கோலாரில் சுரங்கத்தைக் கையில் எடுத்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். அதிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களே மிகுதி. பண்ணையாரிடமிருந்தும் பஞ்சத்திடமிருந்தும் தப்பி வந்தவர்கள். உச்சத்தில் முப்பதாயிரம் பேருக்கும் மேல் வேலை பார்த்தார்கள். சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து 1902-லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. துரைமாரின் பங்களாக்களில் விளக்கு எரிந்தது. லைன் வீடுகளில் மண்ணெண்ணெய்தான்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. தூசி நுரையீரலில் படிந்து, ரிடயர் ஆனபின் இருமி இருமிச் செத்தவர்களும் உண்டு. மேலே வந்தால் சோதனை. தங்கத் திருட்டுக்கென்றே தனிச் சட்டம், தனிக் காவல். தங்கத்தை எடுத்துக் கொடுக்கிறவன்தான் முதல் சந்தேகத்துக்குரியவன். 1930-ல் தொழிலாளர் எல்லாரிடமும் கைரேகை வாங்கிப் பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். மிச்சம் இருப்பது சயனைடு கலந்த மண் மலைகளும், விடிகாலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கூலி வேலைக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போகிற ரயிலும்.

இரண்டு ஊரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அடிமை வியாபாரத்தின் சரித்திரம் வேறு, சாதியின் சரித்திரம் வேறு. ஆனால் தப்பி வந்தது, உழைத்தது, சந்தேகிக்கப்பட்டது, மூடப்பட்டது என்ற வரிசை ஒன்றுதான். கடைசியில் கிடைத்த பட்டமும் ஒன்றுதான்.

1990: அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்

ஐஸ் கியூபின் நிஜப் பெயர் ஓஷே ஜாக்சன். 1969-ல் பிறந்தவர். பலர் நினைப்பது போல அவர் காம்ப்டன்காரர் இல்லை, சவுத் சென்ட்ரல். ராப் ஒருவேளை கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று அரிசோனா போய்க் கட்டட வரைபடம் படித்து வந்த ஆள். நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற மாதிரி, கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று :-)

என்.டபிள்யூ.ஏ. என்ற குழுவில் நிறையப் பாட்டு எழுதியவர் அவர். அந்தக் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பத்தில் போலீசைத் திட்டும் ஒரு பாட்டுக்காக எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 1989-ல் ரெக்கார்ட் கம்பெனிக்குக் கடிதமே எழுதினார். அந்த வருஷக் கடைசியில், பணப் பங்கு விஷயத்தில் தகராறாகி, கியூப் குழுவை விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது இருபது.

குழுவின் இசையமைப்பாளர் டாக்டர் ட்ரே இனி கிடைக்கமாட்டார். எனவே கியூப் நியூயார்க் போனார். பப்ளிக் எனிமி குழுவுக்கு இசை அமைத்த பாம்ப் ஸ்குவாடுடன் சேர்ந்தார். சைரன், கூச்சல், உடைந்த டிரம்ஸ், பத்துப் பழைய பாட்டுத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது என அவர்கள் இசை ஒரு ஷிஃப்ட் மாறும் நேரத்து மில் மாதிரி இருக்கும். 1990 மே மாதம் ஆல்பம் வந்தது. ரேடியோ உதவி பெரிதாக இல்லாமலே சில மாதங்களில் பத்து லட்சம் பிரதி போனது.

யார் பேசுகிறார்? நீங்கள் பயப்படுகிற அந்த ஆள். பேசுவது யாரிடம்? பயப்படுகிற நம்மிடம். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும், அதையே நான் நடித்துக் காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஆல்பத்தின் தொனி. கோபம் பெரும்பாலும் போலீஸ் மேல், டிவி மேல், ரேடியோ மேல். பப்ளிக் எனிமியின் சக் டி-யுடன் பாடிய 'எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ்' பாட்டில், கறுப்பு இளைஞன் செத்தால் அது ஒரு செய்தியே இல்லை என்பதுதான் விஷயம்.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பெண்களைப் பற்றி இந்த ஆல்பத்தில் பேசுவது கேவலம். அதற்கு இதே ஆல்பத்துக்குள் ஒரு பதில் இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். 'இட்ஸ் எ மேன்ஸ் வேர்ல்ட்' பாட்டில் யோ-யோ என்ற பெண் ராப்பர் வந்து, அவர் சொல்வதற்கெல்லாம் சூடாகத் திருப்பிக் கொடுப்பார். நம்மூர் லாவணிக் கச்சேரி மாதிரி எதிர்ப்பாட்டு. அது போதுமா என்றால் போதாது. ஆனால் தன் ஆல்பத்தில் தன்னை எதிர்த்துப் பேச ஒரு இடம் விட்டிருக்கிறார். அடுத்த ஆல்பத்தில் அந்த இடம் கிடையாது.

1991: டெத் சர்டிஃபிகேட்

நாலில் இதுதான் பெரியது. ஆபத்தானதும் இதுதான்.

அட்டைப்படத்தில் கியூப் நிற்கிறார். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அமெரிக்கக் கொடி போர்த்திய பிணம். கால் கட்டைவிரலில் தொங்குகிற சீட்டில் எழுதியிருக்கும் பெயர், அங்கிள் சாம். ஆல்பம் இரண்டு பாகம். முதல் பாகம் 'சாவுப் பக்கம்', நாம் இன்று எங்கே இருக்கிறோம் என்பது. இரண்டாவது 'உயிர்ப் பக்கம்', நாம் எங்கே போகவேண்டும் என்பது.

சாவுப் பக்கத்தில் இரண்டு பாட்டைக் கட்டாயம் கேட்கவேண்டும். ஒன்று 'எ பேர்ட் இன் த ஹேண்ட்'. பள்ளி முடித்த ஒரு பையன், கையில் குழந்தை, காலேஜுக்குப் பணம் இல்லை, பர்கர் கடையில் கிடைக்கிற சம்பளம் பாலுக்கும் போதாது. என்ன கணக்குப் போட்டு அவன் போதைப்பொருள் விற்கப் போகிறான் என்பதை மளிகைக் கடை பில் மாதிரி வரிசையாகச் சொல்கிறார். நியாயப்படுத்தவில்லை, கணக்கைக் காட்டுகிறார், அவ்வளவுதான். இன்னொன்று 'அலைவ் ஆன் அரைவல்'. குண்டடிபட்டவன் அரசு ஆஸ்பத்திரியின் கூட்டத்தில் காத்துக் கிடக்கிறான். போலீஸ் கேள்வி கேட்கிறது, டாக்டர் வரக் காணோம். ஆல்பத்தின் தலைப்பு போகிற போக்கில் உங்களுக்குப் புரிந்துவிடும்.

உயிர்ப் பக்கத்தில் கடைசிக்கு முந்தையதாக 'அஸ்' என்று ஒரு பாட்டு. நம்மை நாமே கெடுத்துக்கொள்கிறோம் என்று தன் மக்களையே பிடித்துக் கேட்கிறார். எங்கள் ஊர் யூனியன் கூட்டத்தில் வயசான தலைவர்கள் சாராயக் கடையைப் பற்றிப் பேசுகிற அதே குரல். முதல் ஆல்பத்தில் வெளியாளிடம் பேசியவர் இங்கே வீட்டுக்குள் திரும்பிவிட்டார். யாரிடம் பேசுகிறார் என்ற கேள்விக்கு விடை மாறியிருக்கிறது. இது பெரிய வளர்ச்சி.

ஆனால் அதே உயிர்ப் பக்கத்தில் ஒரு நிமிஷம் கூட ஓடாத இன்னொரு பாட்டு இருக்கிறது. பெயர் 'பிளாக் கொரியா'. கறுப்பர் பகுதியில் கடை வைத்திருக்கும் கொரியர்களைப் பார்த்து, எங்களைத் திருடனைப் போல் பின்தொடர்ந்தால் கடையைக் கொளுத்துவோம் என்கிற மிரட்டல்.

அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1991 மார்ச் 3-ல் ராட்னி கிங் என்பவரைப் போலீஸ்காரர்கள் ரோட்டில் போட்டு அடித்தது வீடியோவாக உலகம் முழுக்க ஓடியது. சரியாக 13 நாள் கழித்து, லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுப் பெண், ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் தகராறில், கொரியக் கடைக்காரப் பெண்மணியால் பின்னாலிருந்து சுடப்பட்டுச் செத்தாள். கையில் ஜூஸுக்கான காசு இருந்தது. ஆல்பம் அக்டோபர் கடைசியில் வந்தது. நவம்பரில் அந்தக் கடைக்காரப் பெண்மணிக்கு ஒரு நாள் கூடச் சிறை இல்லை என்று தீர்ப்பு வந்தது.

சைமன் வீசென்தால் மையம் ஆல்பத்தைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. பழைய மேனேஜரை யூதர் என்று இழுத்துத் திட்டிய 'நோ வேசலின்' பாட்டும் ஒரு காரணம். பில்போர்டு பத்திரிகை தலையங்கத்தில் கண்டித்தது. பிரிட்டனில் இந்த இரண்டு பாட்டையும் வெட்டிவிட்டுத்தான் விற்றார்கள். கொரியக் கடைக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். கியூப் விளம்பரம் செய்துகொண்டிருந்த செயின்ட் ஐட்ஸ் பீரை விற்கமாட்டோம் என்று நிறுத்தினார்கள். அடுத்த வருஷத் தொடக்கத்தில் கியூப் அவர்கள் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்டார். நம்ம ஊர் பாஷையில், வயிற்றில் அடித்தால்தான் பஞ்சாயத்து நடக்கும்.

அதே வருஷம், பெங்களூர்

இந்தப் பாட்டை நான் சும்மா ஒரு ஆராய்ச்சியாகக் கேட்க முடியாது. காரணம் 1991 டிசம்பர்.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும், டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பலர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எல்லையைத் தாண்டி ஓடின. அடிபட்டவர்களில் அதிகம் பேர் குடிசைவாசிகள், கூலிக்காரர்கள். என் சித்தப்பா அப்போது பெங்களூரில் இருந்தார். அதற்குப் பிறகு பஸ்ஸில் தமிழ்ப் பேப்பரை விரித்துப் படிப்பதை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்துதான் படிப்பார். சாகும்வரை அந்தப் பழக்கம் மாறவில்லை.

இப்போது 'பிளாக் கொரியா'வைத் திரும்பக் கேளுங்கள். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? எங்கள் தாத்தாவின் பக்கத்திலிருந்து பார்த்தால், கேட்டில் சோதனை போடப்பட்ட உழைப்பாளி. கடையில் பின்தொடரப்படுகிற பையனின் எரிச்சல் எனக்குத் தெரியும். பெங்களூர் டிசம்பரிலிருந்து பார்த்தால், இன்னொருவர் ஊரில் கடை வைத்த வெளியாள். கொளுத்துவோம் என்ற வார்த்தை கேட்டால் வயிறு கலங்குகிறது. அமெரிக்காவில் இன்று நம்மவர்கள் எத்தனை பேர் பெட்ரோல் பங்க், மோட்டல், மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள்! அந்தக் கடைக்குள் வரும் கறுப்புப் பையனை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

நாலு ஆல்பத்தையும் ஒப்பிடும்போது எனக்குப் படுவது இதுதான். ஒரு ஊரின் குரல் எந்த இடத்தில் தன் வலியைச் சரியாகச் சொல்கிறதோ, அதற்குப் பக்கத்திலேயே, தன்னைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிற அடுத்த வெளியாளைக் கைகாட்டிவிடவும் செய்கிறது. ஆலையை மூடிய முதலாளி கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறான். கடைக்காரன் எதிரே நிற்கிறான். காவிரியிலும் அதுதான் நடந்தது. தண்ணீரைப் பங்கு போட்டது குடிசையில் இருந்தவனா என்ன?

1992: த பிரிடேட்டர்

1992 ஏப்ரல் 29-ல் ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்களுக்கு விடுதலைத் தீர்ப்பு வந்தது. ஊர் எரிந்தது. அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். சேதம் சுமார் நூறு கோடி டாலர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர் கடைகள் சேதம். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த அந்தப் பாட்டு இப்போது ஜோசியம் மாதிரி ஆகிவிட்டது. பாட்டு கேட்டுத்தான் கொளுத்தினார்கள் என்று சொல்வது அபத்தம். தீர்ப்புகள்தான் கொளுத்தின. ஆனால் அந்த ஊரில் என்ன புகைந்துகொண்டிருந்தது என்று மேயருக்கும் போலீஸுக்கும் தெரியாதது ஒரு 22 வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

நவம்பரில் வந்த 'த பிரிடேட்டர்' நேராக பில்போர்டின் முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான்தான் அப்போதே சொன்னேனே என்கிற தொனி ஆல்பம் முழுக்க. கோபம் போலீஸ்காரர்கள் மேல், விடுதலை செய்த ஜூரி மேல். கைகாட்டும் இடம் இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் பேசுவது ஊரின் ஆளா, ஊரின் புகழ்பெற்ற ஆளா என்று சந்தேகம் வருகிறது. போன ஆல்பத்தின் பர்கர் கடைப் பையன் இதில் இல்லை.

ஒரு பாட்டு மட்டும் விதிவிலக்கு. 'இட் வாஸ் எ குட் டே'. ஒரு நாள் முழுக்க எதுவும் கெட்டது நடக்கவில்லை, அதுதான் பாட்டு. அம்மா சமைத்த சாப்பாடு, பாஸ்கெட்பால், போலீஸ் வண்டி நிறுத்தாமல் போனது, தெரிந்தவன் யாரும் சாகவில்லை. மென்மையான, தாலாட்டுவது மாதிரி இசை. எங்கள் ஊரில் நைட் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் மேலே வந்ததும், எல்லாரும் வந்தாச்சா என்றுதான் பெண்கள் கேட்பார்கள். வந்தாச்சு என்றால் அது நல்ல நாள். அதற்கு மேல் நல்ல நாளுக்கு விளக்கம் கிடையாது. பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே ஒரு கியூப் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் (ரேடியோவுக்கென்று கெட்ட வார்த்தை நீக்கிய வடிவம் இருக்கிறது) இதைத்தான் சொல்வேன்.

1993: லீத்தல் இன்ஜெக்ஷன்

1992 டிசம்பரில் டாக்டர் ட்ரேயின் 'த க்ரானிக்' வந்து ராப் இசையையே மாற்றிப்போட்டது. கூச்சல் போனது. இழுத்து இழுத்து வரும் சிந்தசைசர், பழைய ஃபங்க் இசை, வெயிலில் மெதுவாகப் போகும் கார். ஜி-ஃபங்க் என்று பெயர். ஒரு வருஷம் கழித்து வந்த கியூபின் நாலாவது ஆல்பம் அந்த வண்டியில் ஏறிக்கொண்டது. கேட்க இதமாக இருக்கும். 'யூ நோ ஹவ் வி டூ இட்' இன்றைக்கும் காரில் போட்டுக்கொண்டு போக நல்ல பாட்டு. ஜார்ஜ் கிளின்டனோடு பதினோரு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு உண்டு. தலைக்கு மேல் ராத்திரி முழுக்கச் சுற்றும் போலீஸ் ஹெலிகாப்டர் பற்றிய 'கெட்டோ பேர்ட்' பழைய கியூபைக் கொஞ்சம் காட்டும்.

ஆனால் அந்த மூன்று கேள்வியைப் போட்டுப் பாருங்கள். யார் பேசுகிறார்? ஒரு நட்சத்திரம். யாரிடம்? வாங்குபவரிடம். கோபம் யார் மேல்? எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம். ஆல்பம் ஐந்தாவது இடம் வரை போனது. அதன்பின் அடுத்த தனி ஆல்பத்துக்கு ஐந்து வருஷம் ஆனது. நடுவில் 1995-ல் 'ஃப்ரைடே' படத்தை எழுதி நடித்தார். பிறகு குடும்பத்தோடு பார்க்கும் காமெடிப் படங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அவர் அந்த மாமாவாகத்தான் முதலில் அறிமுகம் :-)

விலை போய்விட்டார் என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஊரின் பாரத்தை ஒருத்தர் எத்தனை வருஷம் சுமப்பது? பிழைத்து, சம்பாதித்து, பிள்ளைகளை வளர்த்து, தலை நரைத்து நிற்பது அந்தத் தெருவில் ஒரு சாதனை. ஆல்பமாக ஒப்பிட்டால் மட்டும், என் வரிசை இது: டெத் சர்டிஃபிகேட், அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட், பிரிடேட்டர், கடைசியில் லீத்தல் இன்ஜெக்ஷன்.

எங்கள் ஊர் ஆல்பம் எங்கே?

2018-லும் 2022-லும் 'கே.ஜி.எஃப்.' என்று இரண்டு படம் வந்து இந்தியாவையே கலக்கியது. இங்கே தியேட்டரில் விசில் பறந்தது. ஆபீசில் வட இந்திய நண்பர்கள் என்னை ராக்கி பாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் படத்தின் காட்சிகளை எங்கள் சயனைடு மேட்டிலேயே எடுத்தார்கள். ஆனால் கதை? ஹீரோ பம்பாயிலிருந்து வருகிற கேங்ஸ்டர். சுரங்கத் தொழிலாளிகள் வாயில்லாத அடிமைகள், அவரைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பவர்கள்.

அந்தப் படத்தின் கதை நடக்கிற 1970களிலும் 80களிலும் நிஜத் தங்கவயல் அரசாங்கக் கம்பெனி. 1956-ல் மைசூர் அரசு எடுத்து, 1962-ல் மத்திய அரசு கைக்குப் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. வாயில்லாத ஊரா அது? கம்யூனிஸ்ட், குடியரசுக் கட்சி, அ.தி.மு.க. என்று கர்நாடகச் சட்டசபைக்கு மாற்றி மாற்றி ஆள் அனுப்பிய தொகுதி. டீக்கடைக்கு டீக்கடை அரசியல் பேசிய ஊர்.

அதற்கும் முன்னால் எங்களிடம் ஒரு மைக் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை அவர் மறைவுக்குப் பின் நின்று போய், 1926-ல் மறுபடி வந்தது. எங்கிருந்து தெரியுமா? தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலிருந்து. நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். அண்டர்கிரவுண்டில் ஷிஃப்ட் பார்த்த ஆட்கள் மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் வைத்து, அயோத்திதாசரின் நூல்களை அச்சுப் போட்டு, பத்திரிகைக்குச் சந்தா கட்டிப் படித்தார்கள். பேசியது ஊரின் ஆள். பேசியது ஊரோடும், ஊருக்கு வெளியிலும். கோபம் சாதி மேல். மூன்று கேள்விக்கும் நேரான பதில் இருக்கிற குரல் அது. 2024-ல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது, வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போன மக்களைப் பெரிய திரையில் பார்க்க முடிந்தது. அதுவும் கற்பனை கலந்த கதைதான். ஆனால் மையத்தில் நிற்பவர் தொழிலாளி.

காம்ப்டனையும் சவுத் சென்ட்ரலையும் பற்றி வெளியாட்கள் ஆயிரம் படம் எடுத்தாலும், பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த ஊர்ப் பையனே போட்ட ஆல்பம் இருக்கிறது. குறையோடு, அசிங்கத்தோடு, தப்பான இடத்தில் கைகாட்டுகிற கோபத்தோடு இருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி உலகம் தேடினால் முதலில் வருவது ராக்கி பாய். 'தமிழன்' இதழ் பத்தாவது பக்கத்தில் கூட வராது.

அதனால் பிள்ளைகள் ராப் கேட்டால் கதவைத் தட்டி, எந்த ஊர் ஆள், என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு, உங்க ஊர்ல என்ன நடந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்கவும் கூடும். என் பெண் கேட்டாள். 1930-ல் கைரேகை வைக்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்ததைச் சொன்னேன். எத்தனை பேர், எத்தனை நாள், யார் ஜெயித்தது என்று ஒரு மணி நேரம் விடவில்லை. இதெல்லாம் ஏன் படத்தில் இல்லை என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் அம்மாதான் பதில் சொன்னாள்: "நீங்க யாராவது எழுதினாத்தானே வரும்."